நோவும் நோயும்

நோவு என்ற சொல்லும் நோய் என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. அதனால்தானோ என்னவோ, இரண்டும் எப்போதும் கைகோத்தே வரும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வலித்தால் நோய் இருக்கிறது. வலிக்கவில்லையானால் நோய் இல்லை. நம் வீடுகளில் வழிவழியாக வந்த கணக்கு இது. இந்தக் கணக்குப் பிசகும் இரண்டு இடங்களைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒன்று ஈறு, மற்றொன்று குழந்தையின் வயிறு. பிற உறுப்புகளுக்கும் இது பொருந்தும் என்றாலும், எனக்கு அளித்திருக்கும் நேரத்துக்கு இவ்விரண்டே மிகுதி.

சில ஆண்டுகளுக்கு முன், கோவையில் என்னைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பார்க்கும் கணவனும் மனைவியும், அவர்களுடைய ஒன்பது வயதுப் பெண்ணும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஆழியாறும் பொள்ளாச்சியும் கடந்து பேருந்தில் வந்திருந்தார்கள். அந்த வளைவுகளில் நல்ல வயிறே கலங்கிப் போகும். வயிற்று நோவோடு வருகிறவர்களை நினைத்து நான் பலமுறை இரங்கியதுண்டு.

"ஆறு மாசமாப் புள்ளைக்கு வயித்து வலிங்க. தொக்கம் எடுத்துப் பாத்தாச்சு, குடல் தட்டிப் பாத்தாச்சுங்க. ரெண்டு நாளைக்கு நிக்குது, மறுக்கா வந்துருதுங்க" என்றார் தாய்.

தொக்கம் எடுப்பதையும் குடல் தட்டுவதையும் பற்றி நான் வழக்காட வரவில்லை. குழந்தைகளின் வயிற்றுவலி பெரும்பாலும் தானே வந்து தானே நின்றுவிடுவது. அது நிற்கிற நாளில் யார் தட்டிக்கொண்டிருந்தாரோ அவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. எங்கள் மருந்துகளில் சிலவும் இப்படிப் பெயர் வாங்கியவைதாம்.

"கண்ணு, எந்த எடத்துல வலிக்குதுன்னு ஒத்தை வெரல்ல காட்டு பாப்போம்" என்றேன். அந்தப் பெண் விரலை நீட்டவில்லை. உள்ளங்கையை விரித்துத் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அந்த வட்டத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். தாய் பேசிக்கொண்டிருக்கையில் தந்தை ஒருமுறை சிரித்தார். அப்போதுதான் அவருடைய கீழ்வரிசை முன்பற்களில் இரண்டு இல்லாததும், எஞ்சியவை நீண்டு, விலகி, வேர் தெரிய நிற்பதும் என் கண்ணில் பட்டன. வயது நாற்பதைத் தொடவில்லை. பல்லைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்கென்னங்க, ஒரு நாளும் பல்லு வலின்னு படுத்ததில்லைங்க. ஆடுச்சுன்னா நானே புடுங்கிப் போட்டுருவனுங்க" என்றார்.

அழுதுகொண்டிருந்த குழந்தையைக் காட்டிலும், சிரித்துக்கொண்டிருந்த தகப்பனாரே பெரிய நோயாளி. அவரை நான் ஒரு பல் மருத்துவ நண்பரிடம் அனுப்பிவைத்தேன். அவர் அளந்து அனுப்பிய தாளில், பல பற்களின் பக்கத்தில் 6, 7 என்றும், ஓரிரு இடங்களில் 8 என்றும் எழுதியிருந்தது.

இந்த எண்கள் என்ன? பல்லைச் சுற்றி ஈறு, சட்டையின் கழுத்துப்பட்டையைப் போலப் படிந்திருக்கிறது. கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய சந்து இருப்பதுபோலப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலும் ஒரு சந்து உண்டு. நலமுள்ள வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். இந்தச் சந்தின் ஓரத்தில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. துலக்கி நீக்காவிட்டால் அந்தப் படலம் சுண்ணமேறிக் காரையாகிறது. உடல் அக்கிருமிகளோடு பொருதுகிறது. அந்தப் போரில் ஈறு சிவந்து வீங்கும்; தொட்டால் இரத்தம் கசியும். இம்மட்டில் நின்றுவிட்டால் நிலையான இழப்பு ஒன்றுமில்லை. ஆனால் பலரிடத்தில் அது உள்ளே இறங்குகிறது. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் அறுகின்றன, எலும்பு கரைகிறது, சந்து ஆழ்ந்து பையாகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் மீண்டு வருவதில்லை. அக்காலத்தில் பயோரியா என்று பல்பொடி விளம்பரங்களில் அச்சிட்டார்களே, அது இதுதான்.

சொத்தைப் பல்லானால் இரவெல்லாம் உறங்கவிடாது; காலையில் நம்மைத் தானே மருத்துவரிடம் இழுத்துச் செல்லும். ஈறு நோய் அப்படியன்று. பத்து இருபது ஆண்டுகள் ஓசையின்றி வேலை செய்யும். காட்டுகிற ஒரே அடையாளம் துலக்கும்போது துப்புகிற இரத்தம். அதைப் பார்த்ததும் நாம் செய்வதென்ன? உடம்பில் சூடு ஏறிவிட்டது என்கிறோம். வலிக்கிற இடத்தைத் துலக்காமல் விட்டால் ஆறிவிடும் என்று அந்தப் பக்கத்தையே தவிர்க்கிறோம். நோய்க்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னொரு மோசம். புகையினால் ஈற்றின் இரத்தக் கசிவு குறைந்துவிடுகிறது. நோய் முற்றியிருக்கும், துப்பினால் வெள்ளையாகவே இருக்கும்.

ஆகையால் ஈற்றைக் கேட்டு அறிய முடியாது. அளந்துதான் அறிய வேண்டும். இதற்கென்று உலக சுகாதார நிறுவனம் ஒரு மெல்லிய கம்பியை வகுத்திருக்கிறது. அதன் நுனியில் அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு உருண்டை, குத்தாமல் இருப்பதற்காக. 3.5 மில்லிமீட்டரிலிருந்து 5.5 மில்லிமீட்டர் வரை கறுப்புப் பட்டை. கம்பியைச் சந்துக்குள் மெல்ல இறக்கிப் பல்லைச் சுற்றி நடத்துகிறார்கள். கறுப்புப் பட்டை முழுதும் வெளியே தெரிந்தால் கவலையில்லை. பாதி மறைந்தால் பை 4 அல்லது 5 மில்லிமீட்டர். முழுதும் மறைந்தால் 6 அல்லது அதற்கு மேல். எவ்வளவு அழுத்துவது என்பதற்கும் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள்: கம்பி நுனியை மருத்துவர் தம்முடைய கட்டைவிரல் நகத்தடியில் வைத்து, அங்கே வெளுக்கும் அளவுக்கு மட்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். சுமார் 20, 25 கிராம் எடை. நோயாளியைத் தொடுமுன் தன் நகத்தைத் தொட்டுப் பார்க்கிற இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து இரத்தம், காரை, பை என்று எண் கொடுத்துச் செல்லும் முறை 1982-இல் வெளியிடப்பட்டது. பழகிய கைக்குச் சில நிமிடங்களே ஆகும், மின்சாரமும் வேண்டாம். எக்ஸ்ரேயும், உமிழ்நீரில் ஒரு நொதியை அளக்கும் புதிய சோதனைகளும் இன்று இருக்கின்றன. என்றாலும் அந்தக் கம்பியின் இடத்தை அவை பிடிக்கவில்லை.

இந்தக் கம்பிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம்மவர்களுக்கும் பங்குண்டு. நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர், டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்தில் இருந்தபோது, நல்ல ஈறுகளையுடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். பத்திலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் பன்னிருவருக்கும் ஈறு வீங்கிற்று. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரத்தையொட்டி நலம் திரும்பிவிட்டது. 1965-இல் வெளியான இந்த எளிய சோதனைதான், ஈற்று வீக்கத்துக்குக் காரணம் சூடும் அல்ல, பித்தமும் அல்ல, பல்லில் படியும் படலமே என்பதை ஐயமற நிறுவிற்று.

அடுத்த கேள்வி எழுந்தது. துலக்காமலே வாழ்நாள் முழுதும் விட்டால் என்ன ஆகும்? மாணவர்களை அப்படி விட்டுப் பார்க்க முடியாது. பல் மருத்துவமும் பல் தூரிகையும் எட்டாத ஒரு கூட்டத்தை லோவும் அவருடைய தோழர்களும் தேடினார்கள். அவர்கள் கண்டடைந்த இடம் இலங்கையின் மலைநாடு. பூண்டுலோயாப் பக்கத்தில் டன்சினேன், ஹாரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்கள். 1970-இல் அங்கே 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் வாயைப் பல் பல்லாக அளந்தார்கள். இளைஞர்கள், மிகச் சிறியவருக்கு வயது 14. உடல்நலம் உள்ளவர்கள், சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒழுங்காகப் பல் மருத்துவம் பெற்று வந்த ஆஸ்லோ நகர மாணவர்களும் கல்வியாளர்களுமான 565 பேரை 1969-இல் அளந்திருந்தார்கள்.

பதினைந்து ஆண்டுகள், 1985 வரை, திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். முடிவு 1986-இல் வெளியாயிற்று. உலகில் ஈறு நோயைக் கற்கும் மாணவர் எவரும் அதைப் படியாமல் தேறுவதில்லை. அந்தத் தொழிலாளர் அனைவர் வாயிலும் படலமும் காரையும் நிறைய இருந்தன. ஏறக்குறைய எல்லா ஈறும் வீங்கியிருந்தது. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து ஓடியது: 35 வயதில் 12 பற்கள் போயின, 40-இல் 20, 45-இல் ஒரு பல்லும் இல்லை. நூற்றுக்கு 81 பேருக்கு மெல்ல நடந்தது: 45 வயதில் சராசரி 7 பற்கள் போயின. எஞ்சிய 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, பல் விழவேயில்லை. அதே மலை, அதே அழுக்கு, விதி மூன்று.

இதிலிருந்து அறிஞர் கற்றுக்கொண்டது பெரிது. கிருமி மட்டும் போதாது. அதை எதிர்கொள்ளும் உடம்பின் தன்மையே யாருடைய பல் விழும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்ற கருத்து இங்கிருந்து வலுப்பெற்றது. நீரிழிவு உள்ளவர்களிடம் ஈறு நோய் முனைந்து நடப்பதும், ஈறு நோய் நீரிழிவைக் கட்டுக்கடங்காமல் செய்வதும் பின்னால் தெளிவாயின. லோவே 1993-இல் ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது கேடு என்று எண்ணிச் சேர்த்தார். கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் இருக்கிற இந்தக் காலத்தில் அதை நாம் கேட்டு மறந்துவிடக் கூடாது.

ஆனால் இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஓரிடத்தில் இடறுகிறது. அறிவியலுக்குக் கிடைத்தற்கரிய இந்தச் செல்வம், அந்த மக்களுக்குப் பல் மருத்துவம் என்ற ஒன்று எட்டாதிருந்த காரணத்தாலேயே கிடைத்தது. ஆய்வாளர்கள் நோயை உண்டாக்கவில்லை, இருந்ததை அளந்தார்கள், உண்மை. ஆயினும் பதினைந்து ஆண்டுகள் கம்பி வந்து வந்து போயிற்றே, தூரிகை வரவில்லையே என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இருபது பற்களை இழந்த நாற்பது வயது மனிதர் அந்த ஏட்டில் ஒரு புள்ளி. அவர் வீட்டில் அவருக்கு முறுக்குக் கடிக்க முடியவில்லை; பெண் பார்க்கப் போன இடத்தில் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. அவர் யார்? இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது சேலம், திருச்சி, மதுரை, தஞ்சை மாவட்டங்களிலிருந்து. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்த குடும்பங்கள் எத்தனையோ நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியிருக்கின்றன. தொடக்கத்தில் 480 பேர். 1985-இல் அளக்கக் கிடைத்தவர் 161 பேர். 2010-இல் மறுபடி தேடிச் சென்றபோது 75 பேர். இவர்கள் கொடுத்த அறிவினால்தான் இன்று உலகமெங்கும் பல் காக்கப்படுகிறது. நன்றிக்கடன் இருக்கிறது என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

இனி வயிற்றுக்கு வருவோம். இங்கே கணக்கு தலைகீழ். நோவு இருக்கிறது, தேடினால் நோய் அகப்படுவதில்லை.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜான் ஆப்ளே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அவரும் நெய்ஷ் என்பவரும் 1,000 பள்ளிக் குழந்தைகளை விசாரித்து 1958-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்குக் குறையாத காலத்தில் மூன்று முறையேனும், அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வயிறு வலித்திருந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி என்று வரையறுத்தார்கள். நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அது இருந்தது. பெண் குழந்தைகளுக்குச் சற்று மிகுதி. இப்படிப்பட்ட குழந்தைகளில் நூறு பேரை மருத்துவமனையில் சேர்த்துத் துருவிப் பார்த்தபோது, உறுப்பில் கோளாறு கண்டது எட்டுப் பேரிடந்தான். வலி தொப்புளை விட்டு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு உறுப்புக் கோளாறு இருக்கக்கூடும் என்று ஆப்ளே ஒரு விதியும் சொல்லிச் சென்றார். அந்தப் பெண் உள்ளங்கையால் போட்ட வட்டத்தை நான் கவனித்தது இதனால்தான்.

உறுப்பில் கோளாறு இல்லையென்றால் வலி பொய்யா? இங்கேதான் பெற்றோரும், ஆசிரியரும், சொல்லப் போனால் மருத்துவரும் தவறு செய்கிறோம். பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்கு என்கிறோம். குடலுக்கென்று பரந்த ஒரு நரம்பு வலை இருக்கிறது. அது ஓயாமல் மூளையோடு பேசிக்கொண்டிருக்கிறது. சில குழந்தைகளுக்கு இந்தப் பேச்சின் ஓசை கூடிவிடுகிறது. உங்களுக்கும் எனக்கும் தெரியாமலே நடக்கிற குடலசைவு அவர்களுக்கு வலியாகக் கேட்கிறது. வயிற்றுப்போக்குக் கண்டு தேறிய பிறகும், அச்சத்தினாலும், மலச்சிக்கலாலும் இது கூடும். வலி மெய், நூற்றுக்கு நூறு மெய். ஆகவே, "ஒன்றுமில்லை, போ" என்று சொல்வது மருத்துவமாகாது. "உன் வலி உண்மை, ஆனால் உன் வயிற்றைக் கெடுக்கும் நோய் எதுவும் இல்லை" என்று சொல்வதே மருந்தில் பாதி. மீதிப் பாதி, குழந்தையைப் படுக்க வைக்காமல் பள்ளிக்கு அனுப்புவது.

ஆனால் அந்த நூற்றுக்கு எட்டு இருக்கிறதே! அதை நான் ஒருமுறை மறந்தேன். நான் தொழிலுக்கு வந்த புதிது. இராசிபுரத்துப் பக்கத்திலிருந்து பதின்மூன்று வயதுச் சிறுவனை அழைத்து வந்தார்கள். பரீட்சை நெருங்கும்போதெல்லாம் வயிறு வலிக்கிறது என்றார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் காது அடைத்துக்கொண்டது. வலி தொப்புளுக்கு மேலே, நடுமார்புக்குக் கீழே; முதுகுக்கு ஊடுருவிச் செல்கிறது; முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தணிகிறது. இவ்வளவையும் பையன் சொன்னான், நான் எழுதிக்கொள்ளவும் செய்தேன், பொருள் கொள்ளவில்லை. தைரியம் சொல்லி அனுப்பினேன். ஈராண்டு கழித்து எலும்பும் தோலுமாக வந்தான். சிறுநீரில் சர்க்கரை. எக்ஸ்ரே எடுத்தபோது கணையம் இருக்குமிடத்தில் கல் கல்லாகத் தெரிந்தது. அந்தத் தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நோய் நம் பகுதிக்குப் புதிதன்று. 1959-இல் சூய்டமா என்பவர் இந்தோனேசியாவில் கண்டு எழுதியதை, 1960-களில் கேரளத்தில் ஜீவர்கீஸ் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கானவரிடம் கண்டு விரித்துரைத்தார். சிறு வயதில் வயிற்றுவலி, வளரும் வயதில் நீரிழிவு, இளமையில் சாவு என்று அந்நாளில் அதன் போக்கு இருந்தது. இன்று மருந்தாலும் அறுவையாலும் வாழ்நாள் நீண்டிருக்கிறது. மரவள்ளிக் கிழங்கே காரணம் என்று அப்போது ஐயுற்றார்கள். அக்கிழங்கிலுள்ள நச்சுப் பொருளைச் சுட்டிக் காட்டினார்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மரவள்ளி பயிரிட்டு ஜவ்வரிசி ஆட்டும் நம் மக்களுக்கு இது சிறிய செய்தியா? ஆனால் பின்வந்த ஆய்வுகள் கிழங்கின்மேல் குற்றத்தை நிலைநாட்டவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கணையம் தன்னைத்தானே செரித்துவிடாமல் காக்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் மாறுதல் இருப்பது இந்திய நோயாளிகள் பலரிடம் கண்டறியப்பட்டது. கிழங்கை அஞ்ச வேண்டியதில்லை. நான் சொன்ன வலியைத்தான் அஞ்ச வேண்டும்.

எந்த வலியை மேலும் ஆராய வேண்டும் என்று பெற்றோர் கேட்பதுண்டு. தொப்புளை விட்டு விலகி ஒரே இடத்தில் நிற்கிற வலி, உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், வளர்த்தி நின்றுபோதல், மலத்தில் இரத்தம், பச்சையாக வாந்தி, நாட்பட்ட காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் தைரியம் மட்டும் போதாது, சோதனை வேண்டும். வாயையும் திறந்து பார்க்க வேண்டும். வாய்ப்புண்ணும் ஈறு வீக்கமும் திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கு வயிறும் வலித்தால், குடலழற்சி நோயின் முதல் அடையாளம் வாயில் தெரிவதாக இருக்கலாம்.

வயிற்றின் செய்தியை ஈறு சொல்லும் மற்றோர் இடமும் உண்டு. 1840-இல் லண்டன் மருத்துவர் ஹென்றி பர்ட்டன், ஈயம் உடலில் ஏறியவர்களுடைய ஈற்றின் விளிம்பில் நீலக் கோடு ஒன்று ஓடுவதைக் கண்டு எழுதினார். ஈயம் ஏறினால் வயிற்றை முறுக்கிப் பிசையும். ஈயச் சூலை என்பது அதுதான். பல்லோரக் கிருமிகள் வெளியிடும் கந்தக வாயு, இரத்தத்தில் வந்த ஈயத்தோடு கூடிக் கருநீலமாகப் படிகிறது. வேடிக்கை என்னவென்றால், நன்றாகத் துலக்கிய வாயில் அந்தக் கோடு விழுவதில்லை. குழந்தைகளிடத்தில் அது அரிது. ஆகவே கோடு இல்லையென்று அமைதி கொள்ள முடியாது. இரத்தத்தில் ஈயத்தை அளக்க வேண்டும். 2000-இல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. என்றாலும் பழைய பேட்டரி உடைக்கும் இடம், ஈயம் உருக்கும் பட்டறை, உதிரும் பழைய வண்ணப்பூச்சு, சிலவகைச் சுர்மா என்று வழிகள் இன்னும் இருக்கின்றன. தொழிற்பட்டறைகள் நிறைந்த கோவையில், காரணம் தெரியாத வயிற்றுவலியோடு வரும் குழந்தையின் தந்தையிடம், "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்காமல் அனுப்பக் கூடாது என்பது என் வழக்கம்.

வால்பாறைப் பெண்ணிடம் திரும்புகிறேன். எடை குறையவில்லை, இரவில் எழவில்லை, வலி பள்ளி நாட்களில், பெரும்பாலும் மாலையில். வயிற்றின் இடப்பக்கம் கீழே அழுத்தியபோது கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. தாயை மட்டும் இருக்கச் சொல்லி, தகப்பனாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு தாயின் காதில் சொன்னாள். அவள் படிக்கிற பள்ளியில் பெண்பிள்ளைகளின் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை. காலையில் பள்ளிக்கு ஓடுகிற அவசரத்தில் வீட்டிலும் நேரமில்லை. காலை முதல் மாலை வரை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. ஆறு மாதமாக.

தொக்கம் எடுத்தவரும், குடல் தட்டியவரும், இதற்கு முன் பார்த்த இரண்டு மருத்துவர்களும் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கவில்லை. ஸ்கேன் மட்டும் இரண்டு எடுத்திருந்தார்கள். மலம் இளக மருந்து கொடுத்தேன். அதைச் சில மாதங்கள் விடாமல் தரச் சொன்னேன். ஒரு வாரத்தில் சரியாயிற்று என்று நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. காலையில் அரை மணி முன்னே எழுப்பி, ஆகாரம் கொடுத்தபின் பத்து நிமிடம் அவசரமின்றி உட்கார வைக்கச் சொன்னேன். கொய்யாவும் கீரையும் தண்ணீரும். தாய் தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனார் என்று பிறகு அறிந்தேன். நான் எழுதிக்கொடுத்த சீட்டில் அது இல்லை.

எட்டு மாதம் கழித்துத் தகப்பனார் தனியே வந்தார். காரை நீக்கி, பைகளின் அடிவரை சுத்தம் செய்திருந்தார்கள். மூன்று பற்களைக் காக்க முடியவில்லை. இரத்தத்தில் சர்க்கரையும் இருந்தது. அதற்கு முன் அவருக்கே தெரியாது. வெற்றிலையோடு புகையிலையைக் குறைத்திருப்பதாகச் சொன்னார், விட்டதாகச் சொல்லவில்லை. பெண்ணுக்கு வயிறு எப்படி என்று கேட்டேன்.

"எப்பவாச்சும் வரும்ங்க. இப்பத் தாப்பாள் போட்டுட்டாங்கங்க" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பல் மருத்துவர் புதிதாக அளந்து எழுதியது. 7 இருந்த இடங்களில் சில 4 ஆகியிருந்தன. ஓரிடத்தில் விரலை வைத்து, "இது மட்டும் ஆறுலயே நிக்குதுங்க. இதுக்கு என்னங்க பண்றது?" என்று கேட்டார்.